இல்லாத தலையணை

ஜூன் 3

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

“இனிமேல் போன் வேண்டாம், சொல்ல வேண்டியதைக் கடிதமாகப் போடுங்கள்” என்று நீ அனுப்பிய ஒற்றை வரி வந்து சேர்ந்தது. இதோ, போட்டுவிட்டேன். உன் அத்தைக்கு ஒரே சிரிப்பு. “ஸ்பீக்கர்ல போட்டு லாட்ஜுக்கே கேக்க வெச்சா எந்தப் பொண்ணு பேசும்?” என்கிறாள். ஸ்பீக்கர் போட்டது வாஸ்தவம். எனக்கு ஒரு காது மந்தம், கவுண்டரில் சாவி கொடுக்க இரண்டு கையும் வேண்டும், வேறு வழி? நீ உன் வேலையைப் பற்றி விளக்கியபோது எதிரே நாலு பேர் நின்றது தற்செயல். கடைசியில் அவர்கள் கைதட்டியதும் தற்செயல்தான்.

நான் ஏழாவதோடு நின்றவன் என்று ஊரே சொல்லும். எட்டாவதில் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை என்பதுதான் உண்மை. அதனால் நீ சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டேன். சரியா பார். ஒரு பெரிய சர்வர். அதற்குள் நிறைய வாடகைக் கணினிகள். தனித்தனியாகப் பெட்டியே கிடையாது, ஆனால் ஒவ்வொன்றும் முழுப் பெட்டியும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். இவற்றைக் கெஸ்ட் என்பீர்கள். மேலே உட்கார்ந்து இவற்றை மேய்ப்பவர் ஹைப்பர்வைசர். ‘உனக்கு இவ்வளவு மெமரி’ என்று கெஸ்ட்டிடம் சொல்லிவிடுவார், ஆனால் கையில் கொடுக்கமாட்டார். அது போய் ஓர் இடத்தைத் தொட்டால் அங்கே ஒன்றும் இருக்காது. ஃபால்ட்! உடனே கெஸ்ட்டை அப்படியே நிறுத்திவைத்து, மெமரியைக் கொண்டுவந்து போட்டு, விட்ட இடத்திலிருந்து ஓடவிடுவார். தான் நின்றதே கெஸ்ட்டுக்குத் தெரியாது.

பாப்பா, இதைத்தானே நான் காலங்காலமாக இந்த லாட்ஜில் செய்துகொண்டிருக்கிறேன்! இங்கே அறைகள் அதிகம், மெத்தைகள் குறைவு. முதலாளி வாங்கித் தரமாட்டார். எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் ஆள் வராது என்ற தைரியத்தில் சாவியை நீட்டிவிடுவேன். ஆள் படியேறத் தொடங்கியதும் மாடி அக்காவுக்கு மணி அடிப்பேன். அறைகளைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மா பின்படி வழியாக மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும். விரித்து முடிக்கும்வரை வந்தவர் கதவைத் திறக்கக் கூடாது. அதற்குத்தான் நான். படிக்கட்டுத் திருப்பத்தில் அவரை மடக்கி ஒரு கதையை எடுத்துவிடுவேன். கதை முடிகிறபோது மெத்தை தயார். காத்திருந்தோம் என்று இதுவரை ஒருத்தரும் நினைத்தது கிடையாது. வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டு அறைக்கே போகாமல் படியிலேயே தூங்கிவிட்டார்.

இப்போதெல்லாம் நான் எடுத்துவிடுவது உன் கதைதான். சும்மா சொன்னால் சப்பென்று இருக்கும் என்பதால் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்திருக்கிறேன். “கெஸ்ட்டு நின்னுட்டிருக்கும்போது, பக்கத்து ரூம்ல படுத்திருக்கிறவன் தலைக்கு அடியிலேர்ந்து தலையணைய உருவி இவனுக்குக் குடுப்பாங்க சார். அவன் தலை தொப்புனு விழும். ஆனா முழிக்க மாட்டான்!” மாதாமாதம் வருகிற சூட்கேஸ்காரர் இதைக் கேட்டுச் சிரிக்கவே இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு “நெஜமாவா?” என்றார். எந்தக் கம்பெனி என்றார். சொன்னேன். என் அக்கா மகள்தான் அங்கே அந்த வேலைக்கே அச்சாணி என்றும் சொன்னேன். பெருமையை உறையில் போட்டு வைக்க முடியுமா?

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா

ஜூன் 11

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் தாளைப் படிக்கும்போதே டீம் லீடர் கூப்பிட்டுவிட்டார். அப்புறம் எடுத்துப் படிக்கிற மனநிலை இல்லை. கோபிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் திருத்துகிறேன். ஃபால்ட் என்றால் தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கெஸ்ட் தொட்ட இடத்துக்கு எங்கள் அட்டவணையில் பதிவு இல்லை, அவ்வளவுதான். அப்போது நாங்கள் முதலில் பார்ப்பது, இந்த இடத்தை நாமே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோமா என்று. சொல்லியிருந்தால் கொடுத்துவிட்டு ஓடவிட வேண்டும். சொல்லவே இல்லாத இடத்தைத் தொட்டால்தான் கெஸ்ட்டின் குற்றம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு பாவமும் அறியாத மெஷினைக் கொன்றுவிடுவோம்.

இப்போது விஷயம். இருக்கிற மெமரியைவிட அதிகமாகச் சொல்லிவைக்கிற புது முறையை எங்கள் சோதனை மெஷின்களில் மட்டும்தான் ஓட்டுகிறோம். வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டது. ஒரு பெரிய வாடிக்கையாளர் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். டீம் லீடர் அதை எங்களுக்குக் காட்டவில்லை. “உள்ள இருக்கிறவங்க யாரோதான் பேசியிருக்காங்க” என்றார். பேசியவர் யார் என்று தெரிந்தால் வேலை போகும். இந்தத் தொழிலில் வேறு எங்கும் சேர்க்கவும் மாட்டார்கள்.

இதில் வேலை செய்பவர்கள் இரண்டே பேர். நானும், எதிர் மேசையில் இருப்பவரும். அவரை மௌனி என்போம். காலையில் வணக்கம், மாலையில் வரேன். நடுவில் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அன்றைக்கு மழைதான். நான் பேசவில்லை. அப்படியானால் யார்?

உங்களிடம் போனில் சொன்னது நினைவு வந்தது. ஆனால் உங்கள் லாட்ஜில் அது யாருக்குப் புரியப்போகிறது.

பாப்பா

ஜூன் 15

அன்பு மருமகளே,

ஊமை ஊரைக் கெடுக்கும், பெருச்சாளி வேரைக் கெடுக்கும். இதற்கு மேல் உனக்குச் சாட்சி என்ன வேண்டும்?

பேசுகிறவனைப் பற்றிப் பயமே வேண்டாம். என்னைப் போல ஆட்கள் வயிற்றில் இருப்பதை வாயில் வைத்திருப்போம். வாயை மூடிக்கொண்டிருக்கிறவன்தான் உள்ளே எதையோ மூட்டை கட்டுகிறான். இந்த லாட்ஜில் நான் பிடித்த திருடர்களை வரிசையில் நிறுத்தினால் பேருந்து நிலையம்வரை போகும். அத்தனை பேரும் அமுக்கர்கள். ஒருத்தன் மின்விசிறியையே கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினான், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இறக்கை முதுகில் குத்தியபோதுகூட “வரேங்க” என்றுதான் சொன்னான். (அத்தை எட்டிப் பார்த்து “அது பல்பு” என்கிறாள். அவளுக்கு ஞாபகம் போதாது.)

நீ கவனிக்க வேண்டியது: நீ அருகே போனால் திரையைத் திருப்புகிறாரா? போன் வந்தால் எழுந்து வெளியே போகிறாரா? தனியாகச் சாப்பிடுகிறாரா? இதில் ஒன்று இருந்தாலே சந்தேகம். மூன்றும் இருந்தால் கையும் களவும்.

அப்புறம் ஒரு பொறி வை. எலியைத் துரத்தினால் கிடைக்காது, வாசலில் எதையாவது வைத்துவிட்டு நீ தூங்குவது போல இருக்க வேண்டும்.

சூட்கேஸ்காரர் வழக்கத்துக்கு மாறாக இந்த மாதமே மறுபடி வந்திருக்கிறார். உன்னைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். நல்ல மனுஷன்.

மாமா

ஜூன் 20

மாமாவுக்கு,

நீங்கள் கேட்ட மூன்றும் இருக்கின்றன.

திரையைத் திருப்பிக்கொள்கிறார். நேற்று நான் எழுந்ததும் கையால் மறைத்தார். போன் வந்தால் அவசரப் படிக்கட்டுக்குப் போய் நின்று பேசுகிறார். எங்களிடம் பேசாதவர் அங்கே மட்டும் நிறையப் பேசுகிறார், கதவுக் கண்ணாடி வழியாக வாய் அசைவது தெரிகிறது. சாப்பாட்டுக் கூடத்தில் தூணுக்குப் பின்னால் உட்காருகிறார். முன்பும் இப்படித்தான் இருந்தாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. இத்தனை நாளும் நான் அவரைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

பொறி வைத்துவிட்டேன். யோசனை உங்களுடையது, முறை எங்களுடையது. ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்ட்டை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, அதன் மெமரி முழுவதையும் ‘படிக்கலாம், எழுதக் கூடாது’ என்று பூட்டிவிடுவோம். அது எங்காவது எழுதப் போனால் அந்த இடத்தில் ஃபால்ட் விழும். எந்த இடம் மாறியது என்று சரியாகத் தெரிந்துவிடும். அதே போல மௌனியிடம் மட்டும் ஒரு பொய்யைச் சொன்னேன்: வரும் வியாழக்கிழமை எல்லா வாடிக்கையாளர் மெஷின்களுக்கும் புது முறையைப் போடுகிறோம், டீம் லீடர் ரகசியமாகச் சொன்னார் என்று. அப்படி ஒரு திட்டமே கிடையாது. அவரைத் தவிர ஒருவருக்கும் இது தெரியாது. வாடிக்கையாளர் வாயிலிருந்து ‘வியாழக்கிழமை’ வந்தால் முடிந்தது.

பொறி வைத்திருப்பதை மட்டும் டீம் லீடரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், எந்த நாள் என்று சொல்லவில்லை. என் பொய்யைக் கேட்டுவிட்டு மௌனி என்ன சொன்னார் தெரியுமா? “சரி.” அவ்வளவுதான்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். தயவுசெய்து இதை யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள்.

பாப்பா

ஜூன் 24

அன்பு மருமகளே,

உன் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அத்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் என்று போனேன், அவள் தலையைக் கொடுக்கவில்லை. கடிதம் இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது, வேறு கண் பட்டதில்லை.

இங்கே நிலவரம் மோசம். திடீரென்று கூட்டம். எல்லா அறைக்கும் சாவி போய்விட்டது, மெத்தைகள் மூச்சு வாங்குகின்றன. மாடி அக்கா ஏறி இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. “கத கொஞ்சம் நீட்டுங்கண்ணே, ரெண்டு மெத்தை இன்னும் காயல” என்று மேலேயிருந்து கத்துகிறது. நான் என்ன செய்வேன்? படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, கைவசம் இருந்ததை எல்லாம் சொன்னேன். பழைய சரக்கு தீர்ந்து புதுச் சரக்கையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

சூட்கேஸ்காரர் விஷயத்தில் எனக்கு ஒரு நெருடல். இரண்டு நாள் தங்குவதாக வந்தவர், கதை பாதியிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அறைக்குள் காலே வைக்கவில்லை. ஆள் ஏன் இப்படி ஓடுகிறார்? துண்டு ஏதாவது போயிருக்குமோ என்று எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

நீ மௌனியை விடாதே.

மாமா

ஜூன் 28

மாமாவுக்கு,

சிக்கிவிட்டார்.

புதன்கிழமை காலையில் வாடிக்கையாளரிடமிருந்து டீம் லீடருக்கு அழைப்பு. “வியாழக்கிழமை எங்க மெஷின் மேல கைவெச்சீங்கன்னா வக்கீல் மூலமாத்தான் பேசுவோம்” என்றார்களாம். வியாழக்கிழமை. அந்தச் சொல் உலகத்தில் ஒருவரிடம்தான் இருந்தது.

மௌனியை அறைக்குள் கூப்பிட்டார்கள். என்னையும் உட்காரவைத்தார்கள். வாசலில் போடுகிற நுழைவு அட்டையை வாங்கி மேசைமேல் வைத்தார்கள். விசாரணை முடியும்வரை வரக்கூடாது என்றார்கள். அவர் டீம் லீடரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் கேட்டதிலேயே நீளமான வாக்கியத்தைச் சொன்னார்:

“நான் சொல்லல. நீங்க என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், சொல்லலேன்னு.”

போகும்போது அவர் திரை அணையாமல் இருந்தது. அவர் மறைத்ததைப் பார்த்தேன். காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடங்களின் பட்டியல். அவருக்கு ஒரு குழந்தை இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

அது வேறு, இது வேறு. பொறி பொய் சொல்லாது. நான் செய்தது சரிதான், இல்லையா?

பாப்பா

ஜூலை 2

அன்பு மருமகளே,

சரியா என்று வேறு கேட்கிறாயா? நாம் பிடித்தோம்! மாமாவின் மூளை, மருமகளின் கை. படிக்கட்டில் இந்த வாரம் முழுக்க இதுதான். ஒருவர் கேட்டுவிட்டு, “உங்களப் போலீஸ்ல சேத்திருக்கணும்” என்றார். கூப்பிட்டார்கள், நான்தான் போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடப் பட்டியலைப் பார்த்து மனதைக் கரைத்துக்கொள்ளாதே. திருடனுக்கும் பிள்ளை இருக்கும். ஆனாலும் அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது என்பதை அத்தையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து என்னுடன் சரியாகப் பேசமாட்டேன் என்கிறாள். “அந்தப் பொண்ணு எழுதினத நீ எத்தன பேர்கிட்ட சொன்ன?” என்று மட்டும் கேட்டாள். என்ன கேள்வி இது.

மாமா

ஜூலை 6

மாமா,

விசாரணைக்காகப் புகாரின் நகலை நேற்று எனக்குக் கொடுத்தார்கள். முதல்முறையாகப் படித்தேன். இரண்டாவது பத்தியில் இப்படி இருக்கிறது: “எங்கள் மெஷினை நிறுத்திவைத்துவிட்டு, தூங்கும் இன்னொரு வாடிக்கையாளரின் தலைக்கு அடியிலிருந்து தலையணையை உருவுவதைப் போல, அவருடைய மெமரியை எடுத்துத் தருகிறீர்கள் என்று அறிகிறோம்.”

எங்கள் நிரலில் தலையணை கிடையாது. நாங்கள் அப்படிச் செய்வதும் இல்லை. ஒருவரும் விரிக்காத மெத்தையை எடுப்போமே தவிர, படுத்திருப்பவர் தலையை நாங்கள் தொடமாட்டோம். மௌனி செத்தாலும் இதை இப்படிச் சொல்லமாட்டார். அவருக்கு உவமை வராது.

வீட்டுக்கு வந்து உங்கள் ஜூன் 3 கடிதத்தைத் தேடி எடுத்தேன். இரண்டாவது தாளை நேற்றுதான் படித்தேன். உங்கள் கடிதங்கள் எதையுமே நான் கடைசிவரை படித்ததில்லை. பெருமைதானே பேசுவீர்கள் என்று விட்டுவிடுவேன். அத்தையை லாட்ஜ் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி, சூட்கேஸ்காரர் யார் என்று விசாரித்தேன். அந்த வாடிக்கையாளர் கம்பெனியில் கணினிப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு.

வியாழக்கிழமை ஒருவரிடம் இல்லை, இரண்டு பேரிடம் இருந்தது. உங்களிடம் எழுதியதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நீங்கள் வாசித்துக் காட்டவில்லை என்று சத்தியம் செய்கிறீர்கள். நம்புகிறேன். வாயால்தானே சொன்னீர்கள்?

டீம் லீடரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கிறார். “பாவம் பார்த்து அவரைக் காப்பாத்த லாட்ஜு மாமான்னு கதை கட்டாதீங்க” என்கிறார். பன்னிரண்டாம் தேதி விசாரணை. அன்று கையெழுத்தானால் மௌனி திரும்ப வரமுடியாது.

நீங்கள் நேரில் வர வேண்டும். வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்ததை மட்டும்.

பாப்பா

ஜூலை 13

மருமகளே,

உன்னைப் பார்க்காமலே பேருந்து ஏறிவிட்டேன். நீ வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நான் பின்வாசல் வழியாக இறங்கினேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் முன்னால் நிற்பது?

உள்ளே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். உன் டீம் லீடர், ஆட்கள் பிரிவு அம்மா ஒருவர், மௌனி. மௌனி ஒல்லியான ஆள். நான் மனதில் வைத்திருந்தவருக்கு மீசை இருந்தது.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?” என்று டீம் லீடர் கேட்டார்.

“ஏழாவது” என்றேன். அதற்குப் பின்னால் வழக்கமாக வருவது தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

“ஏழாவது படிச்சவருக்கு இது எப்படிப் புரிஞ்சுது? யாரு சொல்லிக் கொடுத்து அனுப்பினாங்க?”

அவருடைய சந்தேகத்தில் தப்பு சொல்ல முடியாது. அவர் இடத்தில் இருந்தால் நானும் என்னை நம்பமாட்டேன். சரி, சொல்லிக் காட்டுகிறேன் என்றேன். “கெஸ்ட்டு ஒரு எடத்தத் தொடுது. அங்க மெமரி இல்ல. நிறுத்துறீங்க. குடுக்குறீங்க. நின்ன எடத்துலேர்ந்து மறுபடி ஓட விடுறீங்க. படுத்திருக்கிறவன் தலையணைய யாரும் தொடுறதில்ல. தலையணை நான் சேத்தது. சூட்கேஸ் வெச்சிருந்த சார்கிட்ட எங்க லாட்ஜு படியில ரெண்டு தடவ சொன்னேன். ரெண்டாவது தடவ வியாழக்கிழமையும் சொன்னேன். இந்தப் பையன் சொல்லல.”

அவ்வளவுதான். நான் இதுவரை சொன்ன கதைகளிலேயே இதுதான் சின்னது. முடித்த பிறகு எனக்கே சப்பென்று இருந்தது. அந்த அம்மா, “வேற ஏதாவது சேர்க்கணுமா?” என்று கேட்டார். எவ்வளவோ இருந்தது. இல்லை என்றேன்.

‘தலையணை’ என்றபோது மௌனி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் படிப்பதில் மன்னன் என்று சொல்லிக்கொள்வேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மாமா

ஜூலை 20

மாமாவுக்கு,

சூட்கேஸ்காரரிடம் போனில் கேட்டார்கள். லாட்ஜ் படிக்கட்டில் கேட்டேன் என்று புகாரில் எழுத வெட்கமாக இருந்ததாம், அதனால் ‘உள்ளே இருப்பவர் மூலம்’ என்று எழுதினாராம். பயந்துபோய் எழுதியதுதான். அவர் இடத்தில் யாரும் பயந்திருப்பார்கள்.

மௌனி திரும்ப வந்துவிட்டார். வந்த அன்றே மேசையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டார். எதிரே இப்போது காலி நாற்காலி. உங்கள் ஜூன் 3 கடிதத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். “சரி” என்றார். இந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீங்கள் வந்து உள்ளதைச் சொன்னதால் வேலையே போய்விடவில்லை. வேறு பிரிவில் இருக்கிறேன். ஃபால்ட் விழுந்தால் முதலில் நம் அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு எழுதியவள் நான்தான். பார்க்கவில்லை.

என்னைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் இனி படிக்கட்டில் ஒரு வார்த்தை வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு நீங்கள் எழுதும் பதிலைக் கடைசிவரை படிப்பேன்.

பாப்பா

ஜூலை 29

அன்பு மருமகளே,

கடைசிவரை படிப்பேன் என்றதால் பார்த்து எழுதுகிறேன்.

படிக்கட்டில் கதையை நிறுத்திவிட்டேன். வருகிறவர்களிடம் “மெத்த இன்னும் போடல, கொஞ்சம் நில்லுங்க” என்று உள்ளதைச் சொல்கிறேன். நிற்கிறார்கள், ஆனால் நிற்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், சுவரில் விரிசலைப் பார்க்கிறார்கள், ஒருவர் முதலாளியைக் கூப்பிடச் சொன்னார். மாடி அக்கா என்னைத் திட்டுகிறது: “நீங்க வாய மூடினதுலேர்ந்து என் முழங்காலு போச்சுண்ணே.”

நேற்று ஒரு தோள்பையோடு உன் மௌனி வந்து கவுண்டரில் நின்றார்.

பாப்பா, என் மனதில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? இது நீ வைத்த பொறி. மாமா திருந்திவிட்டாரா என்று பார்க்க ஆளை அனுப்பியிருக்கிறாய். இல்லை, அவரே வைத்த பொறி. எதையாவது உளறவைத்து உன்னை மறுபடி மாட்டிவிட வந்திருக்கிறார். சட்டைப்பையில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பேனா இருந்தது. அந்தப் பேனாமேலும் சந்தேகம் வந்தது.

“பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம் பாக்க வந்தேன். நாளைக்குப் போயிருவேன். ரூம் வேணும்” என்றார். சாவியைக் கொடுத்தேன். அறையில் மெத்தை இல்லை. மணி அடித்தேன். திருப்பத்தில் போய் அவரை நிறுத்தினேன்.

“மெத்த போடறாங்க. கொஞ்சம் நில்லுங்க.”

“சரி.”

நின்றோம். நீ சொன்ன அந்தச் சரியை நேரில் கேட்டேன், அதில் ஒன்றும் பிடிபடவில்லை. அவர் கைப்பிடியைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். மேலே மாடி அக்கா மெத்தையை உதறுகிற சத்தம். இவ்வளவு நீளமான படிக்கட்டை நான் பார்த்ததில்லை.

“சொல்லுங்க” என்றார்.

“என்னத்த?”

“எனக்கு வேலை போக இருந்த கதை. நான் இன்னும் முழுசாக் கேக்கல.”

பொறியேதான் என்று முடிவு கட்டினேன். இருந்தாலும் அவருக்கு அந்தக் கடன் உண்டு. விசாரணையில் சொன்ன அதே நாலு வரியைச் சொன்னேன். தொடுது, இல்ல, நிறுத்துறாங்க, குடுக்குறாங்க. உன் பேச்சு இல்லை, உன் கம்பெனி இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போல.

மேலேயிருந்து “போட்டாச்சுண்ணே!” என்று குரல் வந்தது. நான் வழிவிட்டு ஒதுங்கினேன். அவர் நகரவில்லை.

“தலையணை எங்க?” என்றார்.

“அது பொய் தம்பி.”

“தெரியும். அந்த ப்ரோகிராம எழுதினதே நான்தான்.” பையைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். “சொல்லுங்க. எம் பொண்ணுக்குக் கையால சொல்லிக் காட்டணும். அவளுக்குத் தலை தொப்புனு விழற எடம் பிடிக்கும்.”

நான் இரண்டு படி கீழே இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மாமா